கேள்வி பதில்: ஹெச்-இண்டெக்ஸ் 9 பெருசா, 48 பெருசா?

இந்த தடவை வந்த கடிதம், மெயில், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல ஒரே சமாச்சாரம்தான். பேராசிரியர்களோட பேப்பர் எண்ணிக்கை, சைட்டேஷன் (ஒரு பேப்பர மத்த பேப்பர்ல மேற்கோள் காட்டுறது), ஹெச்-இண்டெக்ஸ், ரேங்க் லிஸ்ட். நான் யுனிவர்சிட்டி லைப்ரரில வேலை பாத்து ரிட்டயர் ஆனவன்கிறதால எடிட்டர் மொத்தத்தையும் என் தலையில கட்டிட்டார். சினிமா கேள்வி அனுப்புனவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: என் பொண்ணு எம்எஸ்சி பிசிக்ஸ் முடிச்சிட்டு பிஎச்டி சேரப் போறா. ரெண்டு கைடு ஒத்துக்கிட்டாங்க. ஒருத்தர் கணக்கு சார்ந்த தியரி பண்றவர், கூகுள் ஸ்காலர்ல அவருக்கு ஹெச்-இண்டெக்ஸ் 9ன்னு காட்டுது. இன்னொருத்தர் நானோ மெட்டீரியல்ஸ், அவருக்கு 48. வீட்டுக்காரர் 48தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். பொண்ணு 9 பக்கம் சாயுறா. எது சரி? (ஒரு வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: வீட்டுக்காரர கொஞ்சம் உக்காரச் சொல்லுங்கம்மா. மொதல்ல அந்த நம்பர் எப்படி வருதுன்னு பாத்துடலாம். ஒருத்தர் எழுதுன ஒவ்வொரு பேப்பரையும் எத்தனை பேப்பர்ல மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு பாத்து, பெருசுல இருந்து சிறுசு வரைக்கும் வரிசையா எழுதிக்கோங்க. 50, 20, 9, 6, 5, 3, 1ன்னு ஏழு பேப்பர்னு வச்சுக்குவோம். மேல இருந்து எண்ணிட்டே வாங்க. நாலாவது பேப்பருக்கு 6 இருக்கு, நாலுக்கு மேல, சரி. அஞ்சாவதுக்கு 5, அதுவும் சரி. ஆறாவதுக்கு 3தான், ஆறை எட்டல. அங்கயே நிப்பாட்டிடணும். இவரோட ஹெச்-இண்டெக்ஸ் 5. அவ்வளவுதான் விஷயம். மொத பேப்பருக்கு 50க்கு பதிலா 5000 வந்திருந்தாலும் அதே 5தான், அதாவது உலகத்தையே பொரட்டிப் போட்ட ஒரு பேப்பர் எழுதினாலும் இந்த நம்பர் அசையாது, நடுத்தரமா நிறைய எழுதிக்கிட்டே இருந்தா மெதுவா ஏறும்.

இத 2005ல கொண்டு வந்தவர் கலிபோர்னியா யுனிவர்சிட்டி, சான் டியாகோவுல இருக்குற இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ், அர்ஜென்டினால பொறந்தவர். அவரோட அந்த ஒரிஜினல் பேப்பர்லயே உங்க கேள்விக்கு பதில் இருக்கு. இயற்பியல்ல அவர் கண்ணுக்கு பட்டதுலயே உச்சம் எட்வர்ட் விட்டன், 110. உயிரியல் பக்கம் போனா சாலமன் ஸ்னைடர், 191. இதுக்கு ஸ்னைடர் விட்டனை விட பெரிய மூளைன்னா அர்த்தம்? இல்லவே இல்ல, உயிரியல்ல ஆளும் ஜாஸ்தி, பேப்பரும் ஜாஸ்தி, ஒவ்வொரு பேப்பருக்குப் பின்னாடியும் வர்ற ரெஃபரன்ஸ் லிஸ்டும் நீளம். கணக்குல ஒரு பேப்பர் முடிக்கவே வருஷக்கணக்கு ஆகும், ஜர்னல்ல அத சரிபாத்து அச்சடிக்க இன்னொரு வருஷம் ரெண்டு வருஷம் இழுக்கும், பெரும்பாலும் தனியாவோ ரெண்டு மூணு பேர் சேந்தோதான் எழுதுவாங்க, பின்னாடி குடுக்குற ரெஃபரன்ஸும் கொஞ்சம்தான். நானோ லேப்ல பத்து ஸ்டூடண்ட், ஆளுக்கு வருஷத்துக்கு ரெண்டு பேப்பர், எல்லாத்துலயும் கைடு பேர் கடைசியில இருக்கும். இத தப்புன்னு சொல்லல, அந்த துறையோட வேலை அப்படி. ஆனா ரெண்டு துறையோட நம்பரையும் பக்கத்துல வச்சு பாக்குறது முழக்கோல வச்சு அரிசி அளக்குற வேலை.

சரி, அப்போ ஒப்பிடவே முடியாதான்னா, முடியும். 2008ல ராடிக்கி, ஃபார்ச்சுனாட்டோ, காஸ்டெல்லானோன்னு மூணு பேர் ஒரு வேலை பண்ணாங்க. ஒரு பேப்பருக்கு வந்த சைட்டேஷன, அதே துறையில அதே வருஷம் வந்த பேப்பர்களோட சராசரியால வகுத்துப் பாத்தாங்க. அப்படி வகுத்ததும் துறைக்கு துறை இருந்த வித்தியாசம் எல்லாம் மறைஞ்சு எல்லா துறையோட கிராஃப் வளைவும் ஏறக்குறைய ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துடுச்சு. கணக்குல வாங்குன 12, கேன்சர் ஆராய்ச்சியில வாங்குன 80க்கு சமமா இருக்கலாம்னு இப்படித்தான் சொல்ல முடியும். ஸ்கோபஸ்னு பேப்பரையும் சைட்டேஷனையும் தொகுத்து வைக்கிற ஒரு டேட்டாபேஸ் இருக்கு, அந்த டேட்டா வச்சு இதே மாதிரி ஒரு நம்பர் குடுக்குறாங்க, அதுல 1ன்னா உலக சராசரி, 2ன்னா சராசரியப் போல ரெண்டு மடங்கு. உங்க பொண்ணு காலேஜ் லைப்ரரில கேட்டா பெரும்பாலும் எடுத்துக் குடுத்துடுவாங்க.

அதுக்கும் மேல ஒண்ணு சொல்றேன், நம்பர விடுங்க. அந்த ரெண்டு கைடுகிட்டயும் ஏற்கனவே முடிச்ச பசங்க யாரு, எத்தனை வருஷத்துல முடிச்சாங்க, பேப்பர்ல மொத பேர் ஸ்டூடண்ட் பேரா இல்ல வேற யாரோட பேரா, இப்ப எங்க வேலை பாக்குறாங்கன்னு பொண்ண விசாரிக்கச் சொல்லுங்க. இப்ப உள்ள இருக்குற பசங்கள கேண்டீன்ல பிடிச்சா டிபார்ட்மெண்ட் வெப்சைட்ல இல்லாததெல்லாம் வரும். பொண்ணு எந்த பக்கம் சாயுறாளோ அந்த சப்ஜெக்டோட அவதான் அஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணணும், உங்க வீட்டுக்காரர் இல்ல.

கேள்வி: எங்க ஊர் காலேஜ் வாசல்ல பெரிய ப்ளெக்ஸ் வச்சிருக்காங்க. ‘ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்த உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானி’ன்னு எங்க பேராசிரியர் போட்டோ போட்டு. இது நிஜமா சார்? (காரைக்குடி வாசகர்)

பதில்: பாதி நிஜம். வருஷா வருஷம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்குல லிஸ்ட் வந்ததும் நம்ம ஊர் பேப்பர்ல எல்லாம் இந்த செய்தி வந்துடும், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்லிடறேன்.

ஸ்டான்போர்டு யுனிவர்சிட்டி யாரையும் ‘தேர்ந்தெடுக்கல’. அங்க பேராசிரியரா இருக்குற ஜான் ஐயோனிடிஸ்ங்கிறவர் மூணு பேரோட சேந்து 2019ல ஒரு பேப்பர் போட்டார், கூடவே ஒரு பெரிய எக்செல் ஷீட். எல்செவியர் கம்பெனியோட ஸ்கோபஸ் டேட்டாபேஸ வச்சு கம்ப்யூட்டர் போட்ட கணக்கு அது. விண்ணப்பம் கிடையாது, கமிட்டி கிடையாது, நேர்காணல் கிடையாது. இறந்து போனவங்க பேர் கூட அதுல இருக்கு. குறைஞ்சது அஞ்சு பேப்பர் எழுதியிருக்குறவங்கள 22 பெரிய துறை, 174 உட்துறைன்னு பிரிச்சு, அந்தந்த உட்துறைக்குள்ள மேல இருக்குற 2 சதவீதத்த எடுக்குறாங்க. பாத்தீங்களா, துறைக்குள்ளயே ஒப்பிடுறாங்க, கணக்கு வாத்தியார டாக்டரோட மோத விடல. அந்த விஷயத்துல இந்த லிஸ்ட் வெறும் ஹெச்-இண்டெக்ஸ விட நல்ல லிஸ்ட்னுதான் நான் சொல்லுவேன்.

ஆறு விஷயத்த சேத்து ஒரு ஸ்கோர் போடுறாங்க. மொத்த சைட்டேஷன், ஹெச்-இண்டெக்ஸ், கூட்டா எழுதினதுக்கு கழிச்சுப் போட்ட இன்னொரு ஹெச்-இண்டெக்ஸ், தனியா எழுதின பேப்பருக்கு வந்த சைட்டேஷன், தனியாவோ மொத பேராவோ எழுதினதுக்கு வந்தது, கடைசியா, தனி, மொத பேர், கடைசி பேர் எல்லாம் சேத்து வந்தது. எதுக்கு இவ்வளவு சுத்தல்னு கேக்குறீங்களா? 2015ல ஜெனீவா பக்கம் இருக்குற அந்த பெரிய துகள் மோதல் இயந்திரத்துல வேலை செய்யுற ரெண்டு குழுவும் சேந்து ஹிக்ஸ் துகளோட நிறையப் பத்தி ஒரு பேப்பர் போட்டாங்க. எழுதினவங்க எத்தனை பேர் தெரியுமா, 5,154 பேர். 33 பக்க பேப்பர்ல 24 பக்கம் பேரும் ஊரும்தான். அந்த பேப்பருக்கு ஆயிரம் சைட்டேஷன் வந்தா 5,154 பேர் கணக்குலயும் ஆளுக்கு ஆயிரம் ஏறும். மொத்த சைட்டேஷன மட்டும் பாத்தா இவங்கதான் உலகத்த ஆளுவாங்க, அதனாலதான் யார் தனியா எழுதினா, யார் மொத பேர்னு பாக்குறாங்க.

இப்ப ப்ளெக்ஸ்ல சொல்லாத விஷயத்துக்கு வருவோம். லிஸ்ட் ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு வாழ்நாள் முழுக்க எழுதினதுக்கு, இன்னொண்ணு ஒரே ஒரு வருஷத்துல வந்த சைட்டேஷனுக்கு மட்டும். ரெண்டாவதுல இடம் பிடிக்கிறது எவ்வளவோ சுலபம். ப்ளெக்ஸ்ல எதுன்னு போட்டிருக்கவே மாட்டாங்க. அப்புறம் ஒவ்வொரு பேருக்கு நேராவும் தன்னோட பேப்பரையே தான் மேற்கோள் காட்டினது எத்தனை சதவீதம்னு ஒரு கட்டம் இருக்கு. 2019ல வந்த கணக்குப்படி நடுத்தரமா ஒருத்தருக்கு 12.7 சதவீதம், அதுல ஒண்ணும் தப்பில்ல, தொடர்ச்சியா ஒரே விஷயத்துல வேலை பாத்தா முந்தின பேப்பர சொல்லித்தான ஆகணும். ஆனா அதே லிஸ்ட்ல 50 சதவீதத்துக்கு மேல தன்னையும் தன் கூட்டாளிங்களையுமே காட்டிக்கிட்டவங்க குறைஞ்சது 250 பேர் இருந்தாங்க. இப்ப வர்ற லிஸ்ட்ல திரும்பப் பெறப்பட்ட, அதாவது தப்புன்னு ஜர்னலே வாபஸ் வாங்குன, பேப்பர் எத்தனைன்னும் ஒரு கட்டம் சேத்திருக்காங்க. ஷீட் இலவசம்தான், உங்க பசங்கள டவுன்லோட் பண்ணி உங்க பேராசிரியர் பேர தேடச் சொல்லுங்க. நல்ல மனுஷனா இருந்து அந்த ரெண்டு கட்டமும் சுத்தமா இருந்தா அடுத்த வருஷம் நீங்களே இன்னும் பெரிய ப்ளெக்ஸ் வைங்க.

கேள்வி: இம்பேக்ட் ஃபேக்டர் 5 உள்ள ஜர்னல்ல என் பேப்பர் வந்தா எனக்கு அஞ்சு சைட்டேஷன் உறுதிதானே? (ஒரு எம்ஃபில் பட்டதாரி, விருதுநகர்)

பதில்: இல்ல தம்பி. அந்த ஜர்னல்ல போன ரெண்டு வருஷம் வந்த பேப்பருக்கு எல்லாம் இந்த வருஷம் வந்த சைட்டேஷன கூட்டி, பேப்பர் எண்ணிக்கையால வகுத்தா வர்றது அது. எங்கயோ ஒரு பேப்பர் 300 வாங்கியிருக்கும், நிறைய பேப்பர் சைபர்ல படுத்திருக்கும், சராசரி 5. இது ஜர்னலோட நம்பர், உங்க நம்பர் இல்ல.

உல்டாவாவும் நடக்கும். 1945ல சி.ஆர். ராவ் கல்கத்தா கணிதக் கழகத்தோட புல்லட்டின்ல ஒரு பேப்பர் போட்டார், அப்ப அவருக்கு சுமார் 25 வயசு. இன்னிக்கு புள்ளியியல் படிக்கிற யாரும் கிரேமர்-ராவ் எல்லையும் ராவ்-பிளாக்வெல் தேற்றமும் படிக்காம தப்பிக்க முடியாது, ரெண்டுக்கும் வேர் அந்த ஒரே பேப்பர். பொறியியல்ல ரேடார் சிக்னல்ல இருந்து பொருளாதாரம், மருத்துவம் வரைக்கும் போயிருக்கு. 2023ல சர்வதேச புள்ளியியல் பரிசு குடுத்தாங்க, அந்த வருஷமே 102 வயசுல காலமானார். உள்ளூர் புல்லட்டின்தானேன்னு யாரும் ஒதுக்கல.

கேள்வி: ஐயா, கூகுள் ஸ்காலர்ல எனக்கு 1,200 சைட்டேஷன். ஸ்கோபஸ்ல 310தான். ப்ரமோஷன் பைல்ல எத எழுதுறது? யாரோ என்னோடத திருடிட்டாங்களா? (உதவிப் பேராசிரியர், சேலம்)

பதில்: யாரும் திருடல. கூகுள் ஸ்காலர் இண்டர்நெட்ல கல்வி சம்பந்தமா எது கிடைச்சாலும் அள்ளிப் போட்டுக்கும். தீசிஸ், ப்ரீபிரிண்ட் (ஜர்னல்ல வர்றதுக்கு முன்னாடி நெட்ல போடுற பேப்பர்), கருத்தரங்கு மலர், யாரோ ஏத்தி வச்ச பிடிஎப், எல்லாம் கணக்குல வரும். ஸ்கோபஸ் தான் பொறுக்கி எடுத்த ஜர்னலும் கருத்தரங்கும்தான் பாக்கும். வெப் ஆஃப் சயின்ஸ்னு இன்னொரு டேட்டாபேஸ், அது அதை விட கறார். ஆக ஒரே ஆளுக்கு மூணு இடத்துல மூணு நம்பர் வர்றது சகஜம். பைல்ல எது எழுதினாலும் எந்த டேட்டாபேஸ், எந்த தேதியில பாத்ததுன்னு கூடவே எழுதுங்க, அது இல்லாத நம்பருக்கு ஒரு மதிப்பும் கிடையாது. உங்க யுனிவர்சிட்டி ரூல்ல ஸ்கோபஸ்னு இருந்தா 310தான், வருத்தப்பட்டு பிரயோஜனம் இல்ல. கூகுள் ஸ்காலர ஏமாத்துறதும் சுலபம், 2010ல பிரான்ஸ்ல சிரில் லாபேன்னு ஒரு கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் இல்லாத ஒரு ஆள உருவாக்கி, சாஃப்ட்வேர் உளறின அர்த்தமில்லாத பேப்பர எல்லாம் ஒண்ணையொண்ணு மேற்கோள் காட்ட வச்சு ஏத்தி விட்டார், அந்த ஆளுக்கு ஹெச்-இண்டெக்ஸ் 94 வந்துடுச்சு, ஐன்ஸ்டீனுக்கு மேல!

ஆனா 1,200க்கும் 310க்கும் நடுவுல இவ்வளவு பள்ளம் இருக்குன்னா எனக்கு இன்னொரு சந்தேகம், நம்ம இனிஷியல் பிரச்சனை. நான் லைப்ரரில இருந்தப்போ அதிகமா தலைவலி குடுத்தது இதுதான். ஆர். செந்தில்குமார்னு ஒருத்தர். மொத பேப்பர்ல ‘ஆர். செந்தில்குமார்’னு போட்டார். அடுத்ததுல ஜர்னல்காரன் குடும்பப் பேர் கேட்டதும் இனிஷியல பின்னாடி போட்டார். மூணாவதுல அப்பா பேர விரிச்சு ‘ராமலிங்கம் செந்தில்குமார்’, நாலாவதுல ‘செந்தில்’ ‘குமார்’னு ரெண்டா உடைச்சு, அதுல குமார் குடும்பப் பேர் ஆயிடுச்சு. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், நாலு ஆளுன்னு நாலு ப்ரொபைல் போட்டுடுச்சு. அது ஒரு பக்கம்னா, ஊரெல்லாம் இருக்குற மத்த ‘குமார் எஸ்’ பேப்பர் எல்லாம் அவர் கணக்குல வந்து விழும். பல்மருத்துவம், சிமெண்ட், வாழை நோய்னு எல்லாத்துலயும் அவர் நிபுணர்! அயர்லாந்து, ஜெர்மனிக்காரனுக்கு இந்த தொல்லை கம்மி, குடும்பப் பேர்னு ஒண்ணு பரம்பரையா இருக்கு. நமக்கு இல்ல.

செய்ய வேண்டியது இதுதான். 2012ல இருந்து ஆராய்ச்சியாளர் ஒவ்வொருத்தருக்கும் அடையாளமா ஆர்க்கிட்னு 16 இலக்க நம்பர் இலவசமா தர்றாங்க, உடனே வாங்கி எல்லா பேப்பரையும் அதுல சேத்துடுங்க. ஸ்கோபஸ்ல உங்க பேர எல்லா விதத்துலயும் தேடுங்க, சிதறிக் கிடக்குற ப்ரொபைல ஒண்ணா சேக்கச் சொல்லி ரிக்வெஸ்ட் குடுக்கலாம், சேத்துக் குடுப்பாங்க. கூகுள் ஸ்காலர்ல உங்களோடது இல்லாத பேப்பர நீங்களே எடுத்து வெளியில போடுங்க. அத செய்யும்போது 1,200 குறைஞ்சா குறையட்டும், இண்டர்வ்யூல யாராவது ‘சார் இந்த வாழை நோய் பேப்பர்’னு கேட்டு முழிக்கிறதுக்கு இது மேல்.

கேள்வி: உலகத்துலயே அதிக சைட்டேஷன் வாங்குன பேப்பர் ஐன்ஸ்டீனோடதுதானே? நண்பரோட பந்தயம். (தாம்பரம்)

பதில்: தோத்துட்டீங்க. 2014ல நேச்சர் பத்திரிகை ஒரு டாப் 100 லிஸ்ட் போட்டாங்க. மொத இடம் 1951ல ஆலிவர் லௌரியும் அவரோட ஆட்களும் எழுதினது, ஒரு திரவத்துல புரோட்டீன் எவ்வளவு இருக்குன்னு அளக்குற முறை. அப்பவே 3 லட்சத்துக்கு மேல. ரெண்டாவது 1970ல லேம்லி எழுதினது, மூணாவது 1976ல பிராட்ஃபோர்டு எழுதினது, எல்லாமே லேப்ல புரோட்டீன வச்சு செய்யுற வேலைக்கான செய்முறை. உயிரியல் லேப்ல எந்த ஆராய்ச்சி பண்ணாலும் ‘புரோட்டீன இந்த முறையில அளந்தோம்’னு ஒரு வரி எழுதணும், அந்த வரிக்கு ஒரு சைட்டேஷன். டிஎன்ஏ இரட்டைச் சுருளப் பத்தின வாட்சன், கிரிக் 1953 பேப்பர் அந்த 100க்குள்ள கூட வரல! இந்த நூற்றாண்டு பேப்பர மட்டும் எடுத்தா, மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் 2015ல நெட்ல போட்டு 2016ல கருத்தரங்குல வெளிவந்த ரெஸ்நெட் பேப்பர்தான் முன்னாடி நிக்குதுன்னு 2025ல அதே நேச்சர் சொல்லுச்சு, படத்த அடையாளம் காணுற செயற்கை நுண்ணறிவு வேலை. அதுவும் கருவிதான் பாருங்க, எல்லாரும் எடுத்து பயன்படுத்துறது.

ரொம்ப பிரபலமானா சைட்டேஷன் நின்னு போறதும் உண்டு, இது நிறைய பேருக்கு தெரியாது. சார்பியல் கொள்கைய பயன்படுத்துறவன் யாரும் 1905 பேப்பர அடியில போடறதில்ல. நம்ம மெட்ராஸ் யுனிவர்சிட்டி கதையே இருக்கே. ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூணு பேரும் 1963ல ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜில போட்டது அஞ்சு பக்க பேப்பர். புரோட்டீன் சங்கிலியில ஒவ்வொரு கண்ணியும் எந்தெந்த கோணத்துல மடங்க முடியும், எந்த கோணத்துல மடங்கினா அணுக்கள் முட்டிக்கும்னு ரெண்டு கோணத்த ரெண்டு அச்சுல வச்சு ஒரு படம் வரைஞ்சாங்க. இன்னிக்கு உலகத்துல எந்த லேப் புரோட்டீன் அமைப்பு கண்டுபிடிச்சாலும், அவங்க பேப்பர்ல ஒரு டேபிள் இருக்கும், அதுல ‘ராமச்சந்திரன்’னு ஒரு வரி இருக்கும், எத்தனை சதவீதம் அனுமதிச்ச பகுதியில இருக்கு, எத்தனை வெளிய கிடக்குன்னு. பேர் இருக்கு, அடியில ரெஃபரன்ஸ் பெரும்பாலும் இருக்காது. ராபர்ட் மெர்ட்டன்ங்கிற சமூகவியலாளர் இந்த மாதிரி ஊரோட கலந்து காணாம போறதப் பத்தி எழுதியிருக்கார். எந்த டேட்டாபேஸும் அந்த வரிய எண்ணாது. என்னைக் கேட்டா தமிழ்நாட்டு மண்ணுல இருந்து போன பேப்பர்கள்ல இதுக்கு மேல தாக்கம் உள்ளது ஒண்ணு காட்டுங்கன்னுதான் கேப்பேன்.

கேள்வி: ஒரு பூனை ஆராய்ச்சி பேப்பர் எழுதியிருக்குன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. உருட்டா? (எட்டாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்)

பதில்: உருட்டு இல்லடா கண்ணு. 1975ல அமெரிக்கால மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டில ஜாக் ஹெதரிங்டன்னு ஒரு இயற்பியலாளர் ஹீலியம் பத்தி தனியா பேப்பர் எழுதினார், ஆனா உள்ள பூரா ‘நாங்க, நாங்க’ன்னு எழுதிட்டார். தனி ஆள் அப்படி எழுதினா அந்த ஜர்னல்ல திருப்பி அனுப்பிடுவாங்கன்னு நண்பர் சொன்னார். டைப்ரைட்டர் காலம், மொத்தத்தையும் திரும்ப அடிக்கணும். சோம்பேறித்தனப்பட்டு வீட்டுப் பூனை செஸ்டர எஃப்.டி.சி. வில்லார்டுன்னு பேர் போட்டு கூட்டாளி ஆக்கிட்டார். அச்சாயிடுச்சு.

கேள்வி: நான் தமிழ்த்துறை. கல்வெட்டு, சுவடின்னு அலைஞ்சு மூணு புத்தகம் போட்டிருக்கேன். மதிப்பீட்டுல ‘ஸ்கோபஸ் பேப்பர் எங்க’ன்னு கேக்குறாங்க. வேதியியல் துறையில நேத்து சேந்த பையன் என்னை விட பாயிண்ட் ஜாஸ்தி. இதுல நியாயம் இருக்கா? (பேர் வேண்டாம், மதுரை மாவட்டம்)

பதில்: இல்லங்க. இதுல சுத்தி வளைச்சு பேச ஒண்ணுமில்ல.

இந்த சைட்டேஷன் எண்ணுற வழக்கமே அறிவியல் பேப்பருக்காக வந்தது. பிலடெல்பியால யூஜின் கார்ஃபீல்டு 1955ல யோசனைய எழுதினார், அறுபதுகள்ல சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் புத்தகமா வர ஆரம்பிச்சது, தலகாணி மாதிரி தொகுதி, எறும்பு ஊர்ற எழுத்து, லென்ஸ் இல்லாம படிக்க முடியாது. அவருக்கு அந்த யோசனை அமெரிக்க வக்கீல்கள் 1873ல இருந்து வச்சிருந்த ஒரு புத்தகத்துல இருந்து வந்தது, எந்த பழைய தீர்ப்ப எந்த புது வழக்குல காட்டியிருக்காங்கன்னு தேடுறதுக்கு. அதாவது அது தேடுறதுக்கான கருவி. ஒரு பேப்பருக்கு அப்புறம் அந்த விஷயம் எங்க போச்சுன்னு பின்தொடர. ஆளுக்கு மார்க் போடறதெல்லாம் பின்னாடி வந்த வினை.

மொழி, வரலாறு, கல்வெட்டு பக்கம் அறிவு புத்தகமா வரும், பதிப்பா வரும், அகராதியா வரும். ஒரு பேப்பர் பழுக்க 20 வருஷம் ஆகும். இந்த டேட்டாபேஸ்ல இருக்குறது பெரும்பாலும் ஆங்கில ஜர்னல், தமிழ்ல வர்ற ஆய்விதழ தேடினா விரல் விட்டு கூட எண்ண வேண்டி வராது. ஐராவதம் மகாதேவன எடுத்துக்கோங்க. ஐஏஎஸ் அதிகாரி, அப்புறம் தினமணி ஆசிரியர், யுனிவர்சிட்டி பேராசிரியர் வேலையே பாக்கல. 1977ல சிந்துவெளி எழுத்துக்கு அவர் போட்ட தொகுப்ப தொல்லியல் துறை வெளியிட்டுச்சு, 2003ல தமிழ்-பிராமி கல்வெட்டு பத்தின பெரிய நூல் க்ரியாவும் ஹார்வர்டும் சேந்து போட்டாங்க. ஆனைமலை, மாங்குளம், புகளூர்னு குகை குகையா போயி படிச்ச வேலை. அந்த துறையில யார் பேனா எடுத்தாலும் அவர தொடாம ஒரு பக்கம் எழுத முடியாது. அவர் மேல ஒரு ஹெச்-இண்டெக்ஸ் போட்டுப் பாத்தா உங்க காலேஜ் வேதியியல் பையன் பக்கத்துல கூட வராது. குறை யார் மேல?

உங்க கமிட்டிக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. உங்க புத்தகம் எந்த யுனிவர்சிட்டில பாடம், எந்த நூல்ல, எந்த தீசிஸ்ல எடுத்தாண்டிருக்காங்க, எந்த நூலகத்துல இருக்கு, நீங்க படிச்ச கல்வெட்டு வாசகத்த யார் ஏத்துக்கிட்டாங்க, யார் மறுத்தாங்க. ஆய்வு மதிப்பீடு பத்தி 2015ல நேச்சர்ல வந்த லைடன் அறிக்கையில உள்ளூருக்கு முக்கியமான நல்ல ஆராய்ச்சிய காப்பாத்தணும்னு ஒரு தனிக் கொள்கையே இருக்கு, அதையும் சேத்து பின் பண்ணுங்க. ஒரு தடவைக்கு ஒத்துக்க மாட்டாங்க, அடுத்த தடவையும் குடுங்க.

கேள்வி: ‘7 நாளில் ஸ்கோபஸ் பப்ளிகேஷன், உத்தரவாதம்’னு மெசேஜ் வருது. மொத பேர் ஒரு ரேட், மூணாவது பேர் ஒரு ரேட்டாம். போடலாமா? (பிஎச்டி மாணவர், கோவை)

பதில்: போடாதீங்க. 2023ல வைலி கம்பெனியோட ஹிந்தாவி பிரிவுல மட்டும் 8,000 பேப்பருக்கு மேல திரும்ப எடுத்தாங்க, இந்த மாதிரி பேப்பர் வியாபாரம்தான் முக்கியமான காரணம். அப்படி எடுத்த பேப்பர் நெட்ல அழியாது, மேல பெருசா ‘திரும்பப் பெறப்பட்டது’ன்னு முத்திரையோட உங்க பேரச் சுமந்துக்கிட்டு நிக்கும். மத்திய அரசோட என்ஐஆர்எஃப் காலேஜ் ரேங்க்ல 2025ல இருந்து அதுக்கு மைனஸ் மார்க் வேற, காலேஜே உங்கள தேடி வரும். அப்புறம் ஒண்ணு தெரியுமா, தீசிஸ் குடுக்குறதுக்கு முன்னாடி பேப்பர் போட்டே ஆகணும்ங்கிற கட்டாயத்த யுஜிசி 2022 விதியில எடுத்துட்டாங்க. உங்க யுனிவர்சிட்டி இன்னும் தனியா கேக்குதான்னு பாத்துக்கோங்க, கேட்டாலும் நேர் வழியில ஒண்ணு போடுங்க, மெதுவா வரட்டும்.

கேள்வி: நான் ஆசிரியர் தேர்வுக் குழுவுல உக்கார்ற ஆள். ஒரு போஸ்ட்டுக்கு 60 அப்ளிகேஷன். நம்பர பாக்காதேன்னு எல்லாரும் சுலபமா சொல்லிடறாங்க. வேற என்னதான் வழி? (ஓய்வு பெற்ற முதல்வர், திருச்சி)

பதில்: நியாயமான கேள்விங்க ஐயா. நம்பர கொளுத்திடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நம்பர் இல்லாத காலத்துல சிபாரிசும் சாதியும்தான் எடைக்கல்லா இருந்துச்சு, அத விட இது எவ்வளவோ தேவலாம்னு நினைக்கிறவன் நான். ஆனா நம்பர மட்டும் பாத்தா என்ன ஆகும்னும் தெரிஞ்சுக்கணும். பீட்டர் ஹிக்ஸ் 2013ல நோபல் வாங்குன சமயத்துல, இன்னிக்கு இருக்குற முறையில எனக்கு எந்த யுனிவர்சிட்டியும் வேலை குடுக்காதுன்னு சொன்னார், 1964க்கு அப்புறம் அவர் போட்டது பத்து பேப்பர் கூட இல்ல. பெரல்மேன் கணக்குல நூறு வருஷ புதிர உடைச்ச மூணு பேப்பரையும் 2002, 2003ல நெட்ல போட்டதோட சரி, ஜர்னலுக்கே அனுப்பல. உங்க எக்செல் ஷீட்ல இந்த ரெண்டு பேரும் மொத வடிகட்டல்லயே விழுந்துடுவாங்க. ஹெச்-இண்டெக்ஸ உருவாக்குன ஹிர்ஷே 2020ல, இது மோசமா தப்பாகப் போகலாம், நினைக்காத கெடுதல் வரலாம்னு எழுதினார். சீனால பேப்பருக்கு ரொக்கப் பரிசு குடுத்துக்கிட்டிருந்தவங்க அதே வருஷம் அத நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டாங்க. கணக்குத் துறையில ஆட்கள் கூட்டு சேந்து சைட்டேஷன ஏத்துறாங்கன்னு வெப் ஆஃப் சயின்ஸ நடத்துற கிளாரிவேட் கம்பெனி 2023ல தன்னோட ‘அதிக மேற்கோள் பெற்றவர்கள்’ லிஸ்ட்ல கணக்கையே தூக்கிட்டாங்க.

60ஐ 15 ஆக்க நம்பர வச்சுக்கோங்க, ஆனா அதே உட்துறை, அதே வயசு அனுபவம் உள்ளவங்களுக்குள்ள மட்டும் ஒப்பிடுங்க, குழந்தைக்காக ரெண்டு மூணு வருஷம் வேலைய விட்ட பொண்ணுங்களுக்கு அந்த வருஷத்த கழிச்சுட்டு பாருங்க. அந்த 15 பேர்கிட்டயும் நம்பர் கேக்காதீங்க, நீங்களே நல்லதுன்னு நினைக்கிற மூணு பேப்பர் குடுங்க, ஒவ்வொண்ணுலயும் உங்க பங்கு என்னன்னு அஞ்சு வரி எழுதுங்கன்னு கேளுங்க. மொத்தம் 45 பேப்பர், குழுவுல அஞ்சு பேர் இருந்தா ஆளுக்கு ஒன்பது. படிச்சிடலாம். நேர்காணல்ல அவரோட அதிக சைட்டேஷன் வாங்குன பேப்பர கையில வச்சுக்கிட்டு, இதுல மூணாவது படம் எப்படி வந்துச்சு, யார் அளந்தது, போர்டுல போட்டுக் காட்டுங்கன்னு சொல்லி சாக்பீஸ நீட்டுங்க. எழுதினவர் யாரு, பேர் மட்டும் போட்டவர் யாருன்னு டீ வர்றதுக்குள்ள தெரிஞ்சிடும்.